பிள்ளை வளர்ப்பும் கொஞ்சம் கணக்கு வழக்கும்

எர்ணாகுளத்தில் நாலு தமிழ்க் குடும்பங்கள் ஒரு வீட்டில் கூடினால் பேச்சு மூன்று விஷயத்தைத் தாண்டாது. வாடகை, மட்ட அரிசி, பிள்ளைகள். முதல் இரண்டும் பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும். மூன்றாவதில்தான் சாயங்காலம் முழுக்கப் போகும். யாரோ ஒருவர் வீட்டுப் பையன் சரியாகப் படிக்கவில்லை, அல்லது யாரோடும் பேசாமல் அறைக்குள்ளேயே கிடக்கிறான் என்று தெரிந்தால் போதும், தீர்ப்பு ரெடி. "எல்லாம் வளர்ப்பு சார்" என்பார் ஒருவர். "வளர்ப்பாவது ஒண்ணாவது, அவன் தலையெழுத்து" என்பார் இன்னொருவர். காபி வந்ததும் இரண்டு கட்சியும் சமாதானமாகிவிடும்.

எனக்கு இரண்டு கட்சியிலும் சேர இஷ்டமில்லை. இருபது வருஷமாக அடுத்தவர் வீட்டு வரவு செலவைப் பார்த்தே பிழைப்பு நடத்துகிறவன் நான். பி.காம். படித்தவனுக்குக் குழந்தை மனோதத்துவம் பற்றி என்ன தெரியும் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு வீட்டில் பணம் எந்தத் தேதியில் வருகிறது, எந்தத் தேதியில் தீர்கிறது, யார் கையெழுத்துப் போடுகிறார்கள், யார் பேசாமல் ஓரமாக நிற்கிறார்கள் என்பதெல்லாம் பேங்க் மேஜைக்குத் தெரிகிற மாதிரி சொந்தக்காரர்களுக்குக்கூடத் தெரியாது. அதை வைத்துச் சொல்கிறேன். பிள்ளைக்குப் பணம் உதவும், பெற்றோரின் படிப்பும் உதவும். ஆனால் அதிகம் உதவுவது, நாள் முடியும்போது அப்பா அம்மாவிடம் பிள்ளைக்கென்று மிஞ்சி நிற்கிற நேரமும் பேச்சும். அது மிஞ்சுமா என்பதைப் பெரும்பாலும் அவர்கள் குணம் முடிவு செய்வதில்லை, நிலைமைதான் முடிவு செய்கிறது.

நான் வேலை பார்க்கிற மட்டாஞ்சேரிக்கு அடுத்தது ஃபோர்ட் கொச்சி. 1940-இல் ஜேசுதாஸ் பிறந்த ஊர். நம் ஊரில் அவர் குரலைக் கேட்டால் "கடவுள் கொடுத்தது" என்று சொல்லி முடித்துவிடுவோம். கடவுளுக்கு அடுத்தபடியாக அதில் ஒரு அப்பாவின் பங்கு இருக்கிறது. அகஸ்டின் ஜோசப் என்று பெயர். சங்கீத நாடகங்களில் பாடி நடித்தவர். 1950-இல் வந்த 'நல்லதங்க' மலையாளப் படத்திலும் நடித்தார். நாடகக்காரர் வீடு எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். புகழ் இருந்தது, காசு இல்லை. ஆனால் மகனுக்கு முதல் குரு அவர்தான். அப்புறம் அந்தப் பையன் திருப்பூணித்துறை ஆர்.எல்.வி. சங்கீத அகாடமியில் படித்ததும், கஷ்டத்தோடு படித்ததும், 1961-இல் மலையாளத்தில் முதல் பாட்டுப் பாடியதும், 1964-இல் எஸ். பாலசந்தரின் 'பொம்மை' மூலம் நம் வீடுகளுக்குள் வந்ததும் எல்லோருக்கும் தெரிந்த கதை. அந்த வீட்டில் ஜீவனாம்சத்துக்கு இழுபறியாக இருந்த காலத்திலும், மகனை உட்கார வைத்துப் பாட்டுச் சொல்லிக்கொடுக்க அப்பாவிடம் ஏதோ ஒன்று மிஞ்சியிருக்கிறது. நான் பார்ப்பது அதைத்தான்.

இதை மட்டும் சொல்லி நிறுத்தினால் "அப்போ வளர்ப்புதானே" என்று முதல் கட்சி கைதட்டும். அதற்கு இதே ஃபோர்ட் கொச்சியிலிருந்து இன்னொரு பாடகரைக் காட்டுவேன். மெஹபூப். 1926-இல் பிறந்தவர், ஏழைத் தக்னிக் குடும்பம். வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்கு ஷூ பாலிஷ் போட்டவர். முறையாகச் சங்கீதம் கற்றதில்லை. 1951-இல் 'ஜீவிதநௌக' படத்தில் பாடினார், 1981-இல் இறந்தார். கொச்சிக்காரர்களுக்கு இன்றும் அவர் மெஹபூப் பாய்தான். இவருக்கு யார் குரு? கொச்சிப் பக்கம் கல்யாண வீடுகளிலும் மாடி அறைகளிலும் ராத்திரி முழுக்க நடந்த மெஹ்ஃபில்கள். வீட்டில் கிடைக்காததைத் தெரு கொடுத்தது. (ஜேசுதாஸுக்குக் கிடைத்த நீண்ட, ஒழுங்கான பாதை இவருக்குக் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். தெரு ஃபீஸ் கேட்காது, ஆனால் எட்டு மணிக்குப் படுக்கப் போ என்றும் சொல்லாது.)

என் வீட்டுக் கதை ஒன்று. அப்பா விருதுநகரில் வத்தல் மண்டியில் கணக்குப்பிள்ளை. எட்டாவது வரை படித்தவர். ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் சிட்டையை என்னிடம் கொடுப்பார். நான் வாசிக்க வாசிக்க அவர் பேரேட்டில் ஏற்றுவார். இத்தனை மூட்டை, இவ்வளவு எடை, இவ்வளவு கமிஷன். நடுவில் ஆளைப் பற்றியும் வரும். "இவரு கோவில்பட்டிப் பக்கம். மழை இல்லேன்னா சரக்கு வராது, நம்ம பாக்கியும் வராது, ஆனா மனுஷன் ஏமாத்த மாட்டாரு." நான் காமர்ஸ் எடுத்தது எந்த கவுன்சிலர் சொல்லியும் இல்லை. அந்த ராத்திரிகள்தான் காரணம். இன்றைக்கும் ஒரு பாக்கிக்காரர் எதிரில் வந்து உட்கார்ந்தால், எனக்கு முதலில் கேட்கத் தோன்றுவது உங்கள் ஊரில் மழை எப்படி என்பதுதான்.

என் அண்ணன் என்னைவிட ஒன்பது வயது மூத்தவன். அவன் சின்னப் பையனாக இருந்தபோது அத்தை கல்யாணக் கடன் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது. அப்பா மண்டியை முடித்துவிட்டு இன்னொரு கடைக்கும் கணக்கு எழுதப் போவார். வீடு திரும்பும்போது அண்ணன் தூங்கியிருப்பான், காலையில் அவன் எழுந்திருக்கும்போது அப்பா கிளம்பியிருப்பார். நான் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த சமயத்தில்தான் கடன் அடைந்தது. அண்ணனுக்கும் அப்பாவுக்கும் கடைசிவரை பேச்சு ஒட்டவே இல்லை. இருவரும் ஒருவரை ஒருவர் மதித்தார்கள், தீபாவளிக்கு வேட்டி எடுத்துக் கொடுத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். சொந்தக்காரர்கள் அண்ணனை அழுத்தக்காரன் என்பார்கள். அதே அப்பா, அதே அம்மா, அதே வீடு. நடுவில் ஒரு கடன். யார் வளர்ப்பைக் குறை சொல்வது?

இதைப் பற்றி ஆராய்ச்சிகள் நிறைய உண்டு. ஹவாய் பக்கம் காவாய் என்றொரு தீவு. அங்கே 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னர் என்ற உளவியலாளரும் ரூத் ஸ்மித் என்பவரும் பல பத்தாண்டுகள் விடாமல் தொடர்ந்து பார்த்தார்கள். வறுமை, குடிகார அப்பா, மனநோய், சண்டை என்று பல பிரச்சினைகள் ஒன்றுசேர்ந்த வீடுகளில் பிறந்தவர்களைத் தனியாகக் கவனித்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தடுமாறினார்கள். ஆனால் சுமார் மூன்றில் ஒரு பங்குப் பேர் நல்லபடியாக, பொறுப்பான மனிதர்களாக வந்தார்கள். எப்படி என்று பார்த்தால், பல காரணங்களில் முக்கியமான ஒன்று, சின்ன வயதிலிருந்தே விட்டுப்போகாத ஒரு பெரியவர் இருந்தது. அது அப்பா அம்மாவாகத்தான் இருக்க வேண்டும் என்றுகூட இல்லை. பாட்டி, சித்தி, ஒரு டீச்சர், யாராகவும் இருக்கலாம்.

அமெரிக்காவில் ஹார்ட், ரிஸ்லி என்று இரண்டு பேர் 1995-இல் ஒரு புத்தகம் போட்டார்கள். 42 குடும்பங்களைப் பார்த்துவிட்டு, வசதியான வீட்டுக் குழந்தை நாலு வயதுக்குள் ஏழை வீட்டுக் குழந்தையைவிட 3 கோடி வார்த்தை அதிகம் கேட்கிறது என்று கணக்குச் சொன்னார்கள். அந்தக் கணக்கு உலகம் முழுக்கப் பரவி, ஏழைத் தாய்மார்களுக்கு உபதேசம் செய்வதற்கு வசதியாகப் போய்விட்டது. எனக்கு 42 என்ற எண்ணைப் பார்த்ததுமே உறுத்தியது, அது தொழில் புத்தி. 2018-இல் டக்ளஸ் ஸ்பெரி குழுவினர் மறுபடி பார்த்தபோது, அம்மா பேசுவதை மட்டும் எண்ணாமல், வீட்டில் உள்ள மற்றவர்களும் சுற்றியிருக்கிறவர்களும் பேசுவதையும் சேர்த்து எண்ணினார்கள். அந்த வித்தியாசம் முன்பு சொன்ன மாதிரி வரவில்லை. கூட்டுக் குடும்பத்திலோ லைன் வீட்டிலோ வளர்ந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இருக்காது.

ஃபோர்ட் கொச்சி வெளி மைதானத்துப் பக்கம் இருக்கிற தோபிகானாவுக்குப் போயிருக்கிறீர்களா? போகாதவர்கள் ஒருமுறை போய்ப் பாருங்கள். துணி வெளுக்கிறவர்கள் எல்லாம் தமிழ் வண்ணார் குடும்பங்கள். டச்சுக்காரர்கள் காலத்தில் சிப்பாய்களின் உடுப்பு வெளுக்கக் கூட்டிவரப்பட்டவர்கள் என்பது அவர்கள் சொல்லும் வரலாறு. டச்சுக்காரர்கள் இங்கே இருந்தது 1663 முதல் 1795 வரை, ஆக எத்தனை தலைமுறை என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இப்போதுள்ள கட்டடமும் துவைகல் தொட்டிகளும் 1976-இல் கொச்சி வளர்ச்சி ஆணையம் கட்டிக்கொடுத்தது. இன்றும் கஞ்சி போட்டு, கயிற்றின் முறுக்குக்குள் துணியைச் சொருகிக் காயப்போடுகிறார்கள், கிளிப் கிடையாது. வேலை செய்கிறவர்களில் வயதானவர்களே அதிகம். பிள்ளைகள் வேறு வேலைகளுக்குப் போய்விட்டார்கள்.

அங்கே ஒரு அம்மாவிடம் பேசிக்கொண்டிருந்தேன். நான் தமிழில் ஆரம்பித்ததும் முகம் மலர்ந்துவிட்டது. மலையாள வாசனை அடிக்கிற தமிழ். பிள்ளைகள் எல்லாம் படித்துவிட்டார்களா என்று கேட்டேன். "படிச்சிட்டாங்க சார். நான் இஸ்திரி போடுறப்ப பக்கத்துல உக்கார வச்சு வாய்விட்டுப் படிக்கச் சொல்லுவேன்" என்றார். உங்களுக்குப் படிக்கத் தெரியுமா அம்மா என்றேன். "எனக்கு எங்க தெரியும்? ஆனா நிறுத்தினாத் தெரியும்ல?"

எங்கள் பேங்கில் பேரன்டிங் பற்றி ஒரு பயிற்சி வகுப்பு வைத்தார்கள், ஏசி ஹாலில், பவர்பாயின்ட்டோடு. மூன்று மணி நேரத்தில் இந்த ஒரு வரி அளவுக்கு எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. அந்த அம்மாவுக்கு ஒரு வசதி இருந்ததையும் கவனிக்க வேண்டும். வேலை நடக்கும் இடத்திலேயே பிள்ளை உட்கார இடம் இருந்தது. அதே அம்மா ஏதாவது ஏற்றுமதிக் கம்பெனியில் ராத்திரி ஷிஃப்ட் இறால் உரிக்கப் போயிருந்தால், அன்பு அதேதான் இருந்திருக்கும், நிறுத்தினால் கேட்கக் காது அங்கே இருந்திருக்காது.

இதற்கு எதிர்ப்பக்கமும் எங்கள் கவுன்டருக்கு வரும். (அடையாளம் தெரியாமல் மாற்றித்தான் சொல்கிறேன்.) செல்வமகள் திட்டம் 2015-இல் வந்ததிலிருந்து, பெண்ணைப் பெற்ற அப்பாக்கள் பலர் அதில் மாதம் தவறாமல் போடுகிறார்கள். ரொம்ப நல்ல விஷயம். ஒருவர் ஒரு மாதம்கூட விட்டதில்லை. பேச்சுவாக்கில் "பொண்ணு என்ன கிளாஸ் சார்?" என்றேன். மனிதர் மனைவிக்குப் போன் போட்டுக் கேட்டுச் சொன்னார். அவரைக் கிண்டல் செய்யவில்லை. காலை ஏழு மணிக்குக் கிளம்பி ராத்திரி பத்துக்குத் திரும்புகிற வேலை அவருக்கு.

கல்விக் கடனிலும் இதே விவகாரம்தான் வேறு வேஷத்தில் வரும். கடன் படிக்கிற பிள்ளைக்கு, ஆனால் அப்பாவோ அம்மாவோ கூட்டுக் கடனாளி. அப்பா எப்போதோ வாங்கிய கடன் நிலுவையில் நின்றுபோயிருந்தால், ஒரு பாவமும் அறியாத பிள்ளையின் விண்ணப்பம் அங்கேயே தடுக்கிவிடும். பெற்றோரின் கடன் மதிப்பெண் சரியில்லை என்பதற்காகப் பிள்ளைக்குக் கல்விக் கடனை மறுக்கக்கூடாது என்று இதே எர்ணாகுளத்தில் இருக்கும் கேரள உயர்நீதிமன்றம் தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. 2023 மே மாதம் இன்னொரு வழக்கில், மாணவரின் சொந்த சிபில் மதிப்பெண் குறைவு என்பதையே காரணமாக வைத்து விண்ணப்பத்தைத் தள்ளக்கூடாது என்றும் சொன்னது. எங்கள் ஆட்களில் பலருக்கு இதில் முணுமுணுப்பு உண்டு. வாராக்கடன் ஏறினால் மெமோ வாங்குவது நீதிபதி இல்லையே! எனக்கு அந்தத் தீர்ப்பு சரி என்றே படுகிறது. அப்பாவின் கடன் அண்ணனின் பேச்சைத் தின்றதை நான் வீட்டிலேயே பார்த்தவன். அது படிப்பையும் தின்ன வேண்டுமா?

குடும்பத்தால் முடியாதபோது வெளியிலிருந்து ஒரு கை வந்தால் என்ன ஆகும் என்பதற்கும் இந்த மாவட்டத்திலேயே உதாரணம் இருக்கிறது. எடையார் தொழிற்பேட்டைப் பக்கம் பினானிபுரம் அரசு உயர்நிலைப்பள்ளி. வெளிமாநிலத் தொழிலாளர்களின் பிள்ளைகள் நிறையப் படிக்கிற பள்ளி. பாடம் மலையாளம், வீடு இந்தி, வங்காளம், ஒடியா. பிள்ளைகள் பாதியில் நின்றுபோனார்கள். 2017-இல் மாவட்ட நிர்வாகம் அங்கே 'ரோஷ்ணி' என்ற திட்டத்தைத் தொடங்கியது. காலையில் வழக்கமான வகுப்புக்கு முன் ஒன்றரை மணி நேரம் தனி வகுப்பு, சாப்பாடும் உண்டு. பிள்ளையின் வீட்டு மொழியில் ஆரம்பித்து, அதையே ஏணியாக வைத்து மலையாளத்துக்குக் கூட்டிப் போவார்கள். பலன் தெரிந்ததும் மாவட்டத்தில் இன்னும் பல பள்ளிகளுக்கு விரிந்தது. 2020-இல் எம்.ஜி. பல்கலைக்கழகத்தில் பி.ஏ. தொல்லியல் வரலாற்றுப் பாடத்தில் முதல் ரேங்க் வாங்கிய பாயல் குமாரியைப் பற்றிப் பேப்பரில் படித்திருப்பீர்கள். அவர் ரோஷ்ணியில் படித்தவர் இல்லை, ஆனால் அதே மாதிரிக் குடும்பம். பீகாரிலிருந்து வந்து இங்கே பெயின்ட் கடையில் வேலை பார்த்தவரின் மகள். அப்பாவின் கஷ்டத்தைப் பார்த்துப் படிப்பை விட்டுவிடலாமா என்று நினைத்தபோது ஆசிரியர்கள்தான் தடுத்து நிறுத்தினார்கள் என்று அவரே சொன்னார். காவாய்த் தீவில் சொன்ன அந்தப் பெரியவர் இங்கே பெரும்பாவூர்க் கல்லூரியில் இருந்திருக்கிறார்.

இப்போது நம் கதைக்கு வருகிறேன். ரோஷ்ணியில் வீட்டு மொழிக்குக் கொடுத்த மரியாதையை நம்மில் பல பேர் நம் வீட்டில் கொடுப்பதில்லை. கேரளத்தில் 2017 சட்டப்படி எந்தப் பள்ளியானாலும் பத்தாவது வரை மலையாளம் கட்டாயம். நல்லது, இருக்கும் ஊரின் மொழி தெரிய வேண்டும். தமிழ் என்பது வீட்டில் பேசினால்தான் உண்டு. ஆனால் ஒரு பள்ளியில் என் மனைவியிடம் "வீட்டில் இங்கிலீஷ் பேசுங்கள்" என்று அறிவுரை சொன்னார்கள். இந்த அறிவுரையைத் தட்டாமல் கேட்ட வீடுகளில் என்ன நடக்கிறது என்று பாருங்கள். அந்த அம்மாவுக்கு இங்கிலீஷில் ஐம்பது வாக்கியம்தான் சரளம். "ஈட் ஃபாஸ்ட்", "கோ ஸ்லீப்", "டோன்ட் டூ தட்". அவ்வளவும் உத்தரவு. பக்கத்து வீட்டுக்காரியின் மாமியார் கதை, தான் பத்தாவதில் கணக்குப் பரீட்சையில் அழுத கதை, கறிவேப்பிலைக் குழம்பு ஏன் கரிந்தது என்ற ஆராய்ச்சி, இதெல்லாம் அவருக்குத் தமிழில்தான் வரும். மொழியை மாற்றியதால் இங்கிலீஷ் கூடியதோ இல்லையோ, அந்த வீட்டில் பேச்சு குறைந்துவிட்டது. தமிழ்ப் பற்றெல்லாம் அப்புறம், எனக்குக் கவலை அந்தப் பேச்சு போனதைப் பற்றித்தான்.

இன்னொன்று, குடும்பத்தைப் பிரிப்பது. "பெரியவள் ப்ளஸ் ஒன் போகிறாள், கோயம்புத்தூரில் கோச்சிங் நல்லா இருக்கும், குடும்பத்தை அங்கே வச்சிட்டு நீங்க இங்கே லாட்ஜில் இருங்க" என்று எனக்கு இந்த வருஷம் மட்டும் ஆறு பேர் யோசனை சொல்லிவிட்டார்கள். வேறு வழியில்லாமல் பிரிந்திருப்பவர்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்ல மாட்டேன். கடற்படைத் தளத்துக்குப் பக்கத்தில் வாத்துருத்தியில் தங்கியிருக்கும் நம் ஊர்த் தொழிலாளிகளில் எத்தனையோ பேரின் பிள்ளைகள் ஊரில் பாட்டியிடம் வளர்கிறார்கள். அப்படி ஒருவர், பையனோடு போனில் என்ன பேசுவது என்று தெரியாமல், இப்போது ராத்திரி எட்டு மணிக்குப் போனைப் போட்டுப் பக்கத்தில் வைத்துவிட்டு இரண்டு பேரும் சாப்பிடுகிறார்களாம். "அவன் அங்க என்ன தொட்டுக்கிறான்னு கேப்பேன் சார், அதுலேர்ந்து பேச்சு வந்துரும்." மார்க் என்ன என்று மட்டும் கேட்டுவிட்டு வைக்கிறவர்கள் இதை முயற்சி செய்து பார்க்கலாம். ஆனால் சேர்ந்திருக்க வழியுள்ளவர்கள், இருபது மார்க் கூடும் என்று கணக்குப் போட்டுப் பிரிவதுதான் எனக்குப் புரியவில்லை. பற்று வரவு இரண்டு பக்கமும் எழுத வேண்டாமா? ஒரு பக்கம் இருபது மார்க். மறுபக்கம், பதினாறு வயதுப் பெண் அப்பாவோடு தினமும் சண்டை போடுகிற இரண்டு வருஷம். அந்த வயதில் சண்டையும் பேச்சுதான்.

டிரான்ஸ்பர் லிஸ்ட் மே மாதம் வரும். எங்கே போட்டாலும் நாலு பேரும் சேர்ந்துதான் போவது என்று முடிவாகிவிட்டது. பெரியவளுக்கு இதில் சம்மதமில்லை. தோழிகளை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று மூன்று நாளாக மலையாளத்தில் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள், நானும் அவள் அம்மாவும் தமிழில் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறோம்.